எங்கள் பணம் ஏன் அந்த நோட்டில் இல்லை

"எங்கள் சபையிலும் ஆப்பிரிக்காவில் ஒரு போதகரைத் தாங்கலாம் என்று நினைக்கிறோம், எப்படி ஆரம்பிப்பது?" என்று யாராவது கேட்டால், அந்தப் போதகருக்கு இன்றைக்குச் சோறு போடுவது யார் என்று விசாரித்தீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. அதைக் கேட்காமலேயே ஆரம்பித்தவர்கள் நாங்கள். இரண்டு வருஷம் நல்ல மனசோடு பணம் அனுப்பினோம், அந்த நல்ல மனசாலேயே ஒரு சபைக்குக் கெடுதல் செய்தோம். அதிலிருந்து மீண்ட கதையைத்தான் எழுதுகிறேன். ஒருவருக்காவது உபயோகப்படும்.

என் சொந்த ஊர் நாசரேத் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து கிளாஸ்கோவில் இருக்கிறோம். இங்கே நாங்கள் போகும் சபை சின்னது, வெள்ளைக்காரர்கள்தான் அதிகம், அதிலும் வயசானவர்கள். ஸ்காட்லாந்துக்கும் ஆப்பிரிக்க நாடான மலாவிக்கும் பழைய உறவு உண்டு. 1876-இல் அங்கே போன ஸ்காட்லாந்து மிஷனரிகள், தாங்கள் தங்கிய இடத்துக்கு, முன்பே ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஊரின் பெயரான பிளாண்டயரையே வைத்தார்கள். இன்றைக்கு அது மலாவியின் பெரிய நகரங்களில் ஒன்று. பழைய பிளாண்டயர் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். அந்த மிஷன்களிலிருந்து 1924-இல் உருவான மத்திய ஆப்பிரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபையோடு, இங்குள்ள பல சபைகள் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்ந்திருக்கின்றன. எங்களுக்குக் கிடைத்த ஜோடி, தெற்கே பலோம்பே மாவட்டத்தில், முலாஞ்சே மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும் ஒரு கிராமச் சபை.

அங்கே "சபை" என்றால் நம் பக்கத்துச் சேகரம் மாதிரி. தாய் ஆலயம் ஒன்று, அதைச் சுற்றி 11 ஜெபவீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே போதகர். அவரை "அபூசா" என்று கூப்பிடுகிறார்கள், மேய்ப்பர் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு ஜெபவீட்டில் இருப்பார், மீதி இடங்களில் மூப்பர்களே ஆராதனை நடத்துவார்கள். போதகரின் மனைவிக்கு அங்கே இருக்கும் மரியாதையைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் போதகரின் மனைவி, நாங்கள் ஐயரம்மா என்று கூப்பிடுகிறவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். அதே பொறுப்பு, அதே ஓட்டம், அதே காசில்லாத குடித்தனம்.

எங்கள் குழுவிலிருந்து நாலு பேர் முதல் முறையாக 2017 ஜூலையில் போனோம். அறுவடை முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, வீடுகளில் மக்காச்சோளம் இருந்தது. தினமும் இரண்டு வேளை ந்சிமா, அதாவது மக்காச்சோள மாவில் கிண்டிய கட்டியான களி, கூடவே பூசணி இலைக் கூட்டோ பயறோ. களி தின்று வளர்ந்த எனக்கு அது அந்நியமாகவே இல்லை. போதகர் வீட்டில் நாலு பிள்ளைகள். அவருடைய சைக்கிளின் பின்டயர் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. திரும்பி வந்ததும் அந்த டயரைப் பற்றித்தான் நான் சபையில் பேசினேன், பேசும்போது அழுதும் விட்டேன். அன்றைக்கே மாதம் 60 பவுண்டு அனுப்புவதென்று முடிவாகிவிட்டது. யாருக்கு அனுப்புவது என்று யோசிக்கக்கூட இல்லை, போதகர் பெயருக்கே அனுப்பினோம். பணம் அனுப்பும் கடையில் நாங்கள் கட்டினால், அவர் மினிபஸ் ஏறி லிம்பே டவுனுக்குப் போய் வாங்கிக்கொள்வார். ஒரு நாள் போச்சு, பஸ் காசும் போச்சு, அதையும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

2019 தொடக்கத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. அந்தச் சபை முறையில் போதகர்களை மாற்றுவது சகஜம், நம் டயோசிஸ்களில் நடப்பது போலத்தான். அவர் போனார், புதியவர் வந்தார். ஆனால் பணம் பழையவர் பெயருக்கே போய்க்கொண்டிருந்தது. இது தெரிய எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மனுஷன் மேல் ஒரு குற்றமும் இல்லை, "இந்தப் பணத்தை இனி என்ன செய்ய?" என்று அவர்தான் முதலில் கேட்டு எழுதினார்.

அந்த வருஷம் ஜூலையில் மறுபடியும் போனோம். மூப்பர்களோடு மாமரத்தடியில் உட்கார்ந்தோம். சபையின் பொருளாளர் ஒரு அம்மா, அறுபது வயசிருக்கும், பெண்கள் ஐக்கியத்திலும் முக்கியமானவர். அந்த ஐக்கியத்துக்கு அங்கே ம்வானோ என்று பேர். இடுப்பில் சுற்றியிருந்த சிட்டெஞ்சே துணியின் முடிச்சை அவிழ்த்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார்கள். அட்டை போய், அரிசிப் பை காகிதத்தில் தைத்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து நாலு கோடு. முதல் கட்டத்தில் பேர், இரண்டாவதில் பணம், மூன்றாவதில் மக்காச்சோளம் எத்தனை வாளி, நாலாவதில் ஜெபவீட்டின் பேர். ஐம்பது க்வாச்சா (அந்த நாட்டுப் பணம்) போட்டவர் பேரும் இருந்தது. கோழி கொடுத்தவர் பேருக்கு நேரே, கோழி என்றே எழுதி, விற்ற விலையையும் எழுதியிருந்தார்கள்.

அந்தம்மா பக்கங்களைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். 2016-இல் ஒரு மாதத்துக்கு இரண்டு பக்கம் நிறைந்திருக்கிறது, 2018-இல் ஒரு பக்கமே நிறையவில்லை. பேர்கள் குறைந்துகொண்டே வந்திருந்தன. பிறகு ஆங்கிலம் தெரிந்த மூப்பர் ஒருவர் வழியாக என்னிடம் கேட்டார்கள்: "உங்கள் பணம் ஏன் இந்த நோட்டில் இல்லை?"

எனக்குப் பதில் வரவில்லை. மூப்பர் மெதுவாக விளக்கினார். வெளிநாட்டிலிருந்து அபூசாவுக்குப் பணம் வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. தெரியாதபோது தொகை பெரிசாகத்தானே ஆகும். "அவரைப் பார்த்துக்கொள்ள அவர்கள் இருக்கிறார்கள், நம் ஒரு வாளி சோளம் எதற்கு?" என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். அவர் வீட்டில் ஒரு புது நாற்காலி வந்தால்கூட அது பேச்சாகிவிட்டது. ஊர்க்காரர்களிடமிருந்து அவரைப் பிரித்து வைத்தது நாங்கள்தான். இப்போது வந்திருக்கும் புதியவருக்கோ எங்கள் பணமும் இல்லை, ஜனங்கள் கொடுக்கும் பழக்கமும் விட்டுப்போச்சு. அந்த வருஷம் அவர் வீட்டில் பசி இருந்தது. நாங்கள் பணம் அனுப்ப ஆரம்பிப்பதற்கு முன்பு எந்தப் போதகர் வீட்டிலும் இல்லாத பசி.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தாத்தா உபதேசியாராக, அதாவது கிராமத்துச் சபையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக இருந்தவர். எங்கள் வீட்டில் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், சனிக்கிழமை சங்கத்து அம்மாமார் வந்து பிடியரிசி வாங்கிப் போவார்கள். ஏழை வீட்டிலும் அந்தப் பானை இருந்தது. அறுப்பின் பண்டிகையில் ஒரு முருங்கைக்காய்க் கட்டை ஏலத்தில் மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் ஆலயத்துக்கே திருப்பிக் கொடுப்பார்கள். தாத்தாவுக்குச் சோறு வந்தது அப்படித்தான். மலாவியிலும் இதே போல "பேப்பர் சண்டே" என்று ஒரு நாள் உண்டு, அன்றைக்குச் சில்லறை போடாமல் நோட்டாகக் காணிக்கை போட வேண்டும், ஜெபவீடு ஜெபவீடாக ஆடிப்பாடிக்கொண்டு முன்னால் போய்ப் போடுவார்கள். நாங்கள் அங்கே போய்க் கலைத்தது அந்தப் பானையைத்தான். வெள்ளைக்காரர்கள் செய்தால் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லலாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் வேதநாயகம் சாமுவேல் அசரியா ஞாபகம் வருவார். 1874-இல் எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தபோது அத்தனை பெரிய ஆட்களுக்கு முன்னால் எழுந்து நின்று, உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பைக் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதர்களைத் தாருங்கள் என்று பேசினார். அந்த மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இன்னும் இருக்கிறது. 2019-இல் மலாவியிலிருந்து திரும்பியதும் எங்கள் குழுவில் அந்தப் பேச்சை எடுத்து வாசித்தேன். ஒரு வயசான ஐயா, தணிந்த குரலில், "நாம் இதைக் கேட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது" என்றார். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் மாற்றினோம்.

முதல் மாற்றம், சம்பளத்தில் கை வைப்பதில்லை. போதகரின் மாதச் சம்பளம் அந்தச் சபையின் கையிலிருந்துதான் வரவேண்டும், எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. ஜனங்கள் மறுபடி கொடுக்கப் பழகும் வரை புதியவர் குடும்பம் தாங்காது என்பதால், எங்கள் பணத்தை உடனே நிறுத்தாமல் சபை வழியாக அவருக்குக் கொடுத்து, 18 மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று மூப்பர்களே சொன்னார்கள். எந்த மாதம் எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம், அவர்கள் எல்லா ஜெபவீடுகளிலும் வாசித்தார்கள். அதை வாசித்த மறு மாதமே நோட்டில் பேர்கள் கூட ஆரம்பித்தன. நீங்கள் ஏற்கெனவே ஒருவருக்குச் சம்பளம் அனுப்பிக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது இன்னொரு கொடுமை.

இரண்டாவது, எந்தப் பணமும் தனி ஆள் பெயருக்குப் போகாது. சபைக்கு வங்கிக் கணக்கு தொடங்கினார்கள், இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று அந்தப் பொருளாளர் அம்மா. பணம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை தொகையோடு அறிவிப்பு. நாங்கள் முன்பு மூன்று பக்க ஆங்கில அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தோம், அதை எழுத ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைத் தேடி அலைந்திருக்கிறார்கள் பாவம். இப்போது நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். அது அவர்களுடைய மொழியில், அவர்களுடைய கணக்கு முறையில் இருக்கிறது. புரியாத வார்த்தையைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம், அப்படியே எனக்குக் கொஞ்சம் சிச்சேவாவும் வந்துவிட்டது.

அடுத்து, காலம். இதைப் பெரிய விஷயமாக யாரும் சொல்வதில்லை, ஆனால் ஏறக்குறைய எல்லாமே இதில்தான் இருக்கிறது. மலாவியில் மழை நவம்பர் வாக்கில் தொடங்கும், அறுவடை ஏப்ரல், மே. டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் பசிக்காலம். வீட்டுச் சோளம் தீர்ந்திருக்கும், கடையில் விலை ஏறியிருக்கும், மாங்காயைத் தின்று பிள்ளைகள் பொழுதை ஓட்டும். சாப்பாட்டுக்காக ஜனங்கள் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போவார்கள், அதற்கு கன்யூ என்று பேர். அடுத்தவர் வயலில் களை எடுக்கும்போது சொந்த வயலில் களை மண்டும், அதனால் அடுத்த வருஷமும் விளைச்சல் குறையும். நாங்களோ கிறிஸ்துமஸ் காணிக்கையைச் சேர்த்து ஜனவரி கடைசியில் அனுப்பிக்கொண்டிருந்தோம். அதே பணம் அக்டோபர் முதல் வாரத்தில் போனால் விதையும் அடியுரமும் மேலுரமும் வாங்கலாம், ஜனவரியில் போனால் மாவு மட்டும்தான். சபைக்கென்று ஒரு வயல் இருக்கிறது, போதகர் குடும்பத்துக்கும் விதவைகளுக்கும் அதிலிருந்துதான் சோளம். இப்போது எங்கள் அறுப்பின் காணிக்கையை செப்டம்பரிலேயே எடுத்துவிடுகிறோம்.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்தது. ஆஸ்திரேலியா பக்கத்தில் உருவாகி இந்தியப் பெருங்கடலையே குறுக்காகக் கடந்து ஒரு மாதத்துக்கு மேல் சுற்றிய புயல் அது. தெற்கு மலாவியில் ஆறு மாதத்து மழை ஆறு நாளில் கொட்டியது, செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல். பலோம்பேயில் மலையிலிருந்து பாறையும் சேறும் இறங்கியது. 1991 மார்ச்சிலும் அங்கே இப்படி நடந்திருக்கிறது. மலைக்குள்ளிருக்கும் நாப்போலோ என்ற பாம்பு புரண்டு வெளியே வருவதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் கூட்டாளிச் சபையில் மூன்று ஜெபவீடுகள் விழுந்தன. நாங்கள் கட்டிடத்துக்குப் பணம் திரட்ட ஆரம்பித்தபோது அவர்களிடமிருந்து ஒரு லிஸ்ட் வந்தது. பிளாஸ்டிக் ஷீட், சமையல் பாத்திரம், மாவு, சர்க்கரைவள்ளிக் கொடி. கட்டிடம் அதில் இல்லவே இல்லை. வீடு வீடாகப் பேர் எழுதியிருந்தார்கள், சபையைச் சேராதவர்கள் பேரும் நிறைய. எங்களில் ஒருவர் அதைப் பற்றிக் கேட்டதற்கு, "தண்ணீர் வரும்போது யார் எந்தச் சபை என்று பார்த்தா வந்தது?" என்று பதில் வந்தது.

கட்டிடம் மறு வருஷம்தான். அதற்கு அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. செங்கல்லை ஜனங்களே அறுத்துச் சூளை போட்டுச் சுடுவார்கள், பெண்கள் ஆற்றிலிருந்து மணலும் தண்ணீரும் சுமப்பார்கள், சுவர் லிண்டல் மட்டம் வரும் வரைக்கும் வெளியிலிருந்து ஒரு காசு வாங்குவதில்லை. காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்பது தகரமும் சிமெண்டும்தான், அங்கேதான் கூட்டாளிக்கு வேலை. நாங்கள் தகரத்துக்குத் தொகை பேசியது 2023 அக்டோபரில். நவம்பரில் மலாவி ரிசர்வ் வங்கி க்வாச்சாவின் மதிப்பை ஒரே நாளில் குறைத்தது, டாலருக்கு 1,180 இருந்தது 1,700 ஆனது. பவுண்டில் அனுப்புகிறோம், நமக்கு லாபம்தானே என்று நான் நினைத்தேன். தகரம் வெளியிலிருந்து வரும் சரக்கு, அதன் விலை அதைவிட வேகமாக ஏறிவிட்டது. பேசிய தொகையில் பாதிக் கூரைதான் போட முடிந்தது, அடுத்த மழைக்கு பாதி ஆலயம் நனைந்தது. இப்போது நாங்கள் தொகையைப் பேசுவதில்லை, "இத்தனை தகரம், இத்தனை மூட்டை சிமெண்ட்" என்று பொருளாகப் பேசிக்கொள்கிறோம், மழைக்கு முன்னால் வாங்கி வைக்கச் சொல்கிறோம்.

பொருளை இங்கிருந்து அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். நாங்கள் ஒரு தடவை பழைய துணிகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பினோம். மலாவிக்குக் கடல் கிடையாது, மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் இறங்கி லாரியில் போகவேண்டும். வரி, கிடங்கு வாடகை, லாரி என்று கூலி ஏறிக்கொண்டே போய், பெட்டியை வெளியே எடுக்க அவர்கள் கடன் வாங்கினார்கள். அத்தனையும் எதற்கு? அங்கே எந்தச் சந்தைக்குப் போனாலும் கவுஞ்சிகா என்று பழைய துணி மலைபோல் குவிந்து கிடக்கிறது, சபையிலேயே அதை விற்றுப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

நேரில் போகிறவர்களுக்கு ஒன்று. நீங்கள் போனால் அவர்கள் கடன் வாங்கியாவது கோழி அடிப்பார்கள். டீக்குச் சர்க்கரை பக்கத்து வீட்டிலிருந்து வரும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது, விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்பச் சொல்ல நாம் யார்? ஆனால் நாலு பேராகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள், பசிக்காலத்தில் போகாதீர்கள், சாப்பாட்டுச் செலவை முன்னாடியே சபைக் கணக்கில் போட்டுவிடுங்கள். பிள்ளைகளை நிறுத்தி வைத்துப் போட்டோ எடுக்காதீர்கள். என் மகளை யாராவது கிழிந்த சட்டையோடு படம் எடுத்து வேறு நாட்டில் ஒட்டினால் நான் பொறுப்பேனா?

அப்புறம் வாட்ஸ்அப். நம்பர் கொடுத்துவிட்டு வந்தால் கேட்டு எழுதுவார்கள், பள்ளிக்கூட ஃபீஸ், ஆஸ்பத்திரி, சாவு வீடு. பொய் என்று நினைக்காதீர்கள், எனக்கு வந்ததெல்லாம் நிஜமான கஷ்டம்தான். ஆரம்பத்தில் நான் தனியாகக் கொஞ்சம் கொஞ்சம் அனுப்பினேன், அது கேட்கத் தைரியமுள்ளவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. ஒதுங்கி நின்ற பாட்டிக்கு ஒன்றும் போகவில்லை. இப்போது அவசரத்துக்கென்று ஒரு சின்னத் தொகையை மூப்பர்கள் கையில் கொடுத்திருக்கிறோம், யாருக்கு என்று அவர்கள் முடிவு செய்வார்கள். எனக்கு எழுதுகிறவருக்கு நான் பதில் போடாமல் இருப்பதில்லை. விசாரிப்பேன், ஜெபிப்பேன், மூப்பரிடம் பேசுங்கள் அண்ணே என்று சொல்வேன். முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது, இப்பவும் சில ராத்திரி கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அவர்களிடமிருந்து எங்களுக்கு வருவதையும் சொல்லவேண்டும். இங்கே ஆலயங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிறார்கள், எங்களுடையதும் அந்தப் பட்டியலில் வந்தது. அதைக் கேட்டதும் ம்வானோ பெண்கள் ஒரு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து எங்களுக்காக ஜெபித்து, பாட்டைப் பதிவு செய்து அனுப்பினார்கள். அந்த ஞாயிறு அதை ஆலயத்தில் போட்டோம். ஜெபம் கேட்பது நாங்கள், ஏறெடுப்பது அவர்கள் என்று ஆனபோதுதான், கூட்டாளி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வந்தது.

இப்போது ஒரு விஷயம் முடிவாகாமல் கிடக்கிறது. ஓய்வு பெறும் போதகர் சபை வீட்டைக் காலி செய்யவேண்டும், அவருக்குச் சொந்த வீடு இருக்காது. நாங்கள் முதலில் தாங்கிய அந்தப் பழைய அபூசாவுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. அவருடைய சொந்த ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. எங்கள் குழுவில் உடனே பணம் திரட்டலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், எனக்கும் மனசு அடித்துக்கொள்கிறது, அந்த மனுஷனுக்கு நாங்கள் பட்ட கடன் உண்டு. ஆனால் பொருளாளர் அம்மாவுக்கு எழுதிக் கேட்டோம். போன வாரம் பதில் வந்தது, நோட்டில் ஒரு புதுப் பக்கத்தின் போட்டோ. மேலே அவர் பேரும் "வீடு" என்ற வார்த்தையும், கீழே ஏழு பேர், செங்கல் எண்ணிக்கையோடு. எட்டாவது வரியை எங்களுக்கென்று காலியாக விட்டு, "தகரம் எத்தனை?" என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.